யூரோ விலைச்சீட்டோடு கிடைத்த பனியன்: காதர்பேட்டை சர்ப்ளஸ் கடை ஒன்றைப் பற்றி

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. உள்நாட்டுப் பனியன் வியாபாரமும், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய துணிகளின் வியாபாரமும் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும் இந்தத் தெருக்களில், மூன்றாண்டுகளாக எங்கள் குடும்பம் துணி எடுத்துவரும் ஒரு சர்ப்ளஸ் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அமைப்பில், இதே மாதிரிச் சரக்கோடு அக்கம்பக்கத்தில் பல கடைகள் இருக்கின்றன; நான் காணும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். கடைசியாக நான் போனது 2025 நவம்பரில், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, என் அக்காவோடு. அக்கா பதினொரு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர். துணியைப் பற்றி இந்தக் கட்டுரையில் உருப்படியாக ஏதேனும் இருந்தால் அது அவருடைய விரல்கள் சொன்னது.

கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். இருபுறமும் மேசை போட்டு, அவற்றின் மீது பனியன்கள் மலையாகக் குவிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குவியலின் மேலும் அட்டையில் மார்க்கர் பேனாவால் விலை எழுதிச் செருகியிருப்பார்கள். கீழ்த்தளத்தில் சில்லறை, மாடியில் மொத்த வியாபாரம். மாடிக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போகிறார்கள். ஒரு காலத்தில் நைஜீரிய வியாபாரிகள் இந்தப் பகுதியிலேயே தங்கிச் சரக்கு வாங்கி ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கு அனுப்பிவந்ததைத் திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். போட்டுப் பார்க்க அறை கிடையாது; தூணில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், சட்டைக்கு மேலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெளிச்சம் போதாது. நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் துணியை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை.

சர்ப்ளஸ் என்ற சொல்லைப் பலரும் கழிவு என்றே புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல. வெளிநாட்டு இறக்குமதியாளர் பத்தாயிரம் பீஸ் கேட்டால் எந்த நிறுவனமும் சரியாகப் பத்தாயிரம் வெட்டாது. தையலில், சாயத்தில், செக்கிங்கில் கழிந்துபோவதை ஈடுகட்டச் சில நூறு பீஸ்கள் கூடுதலாக வெட்டும். கழிவு குறைவாக இருந்துவிட்டால் நல்ல பீஸ்கள் மிஞ்சும். அதுதான் உண்மையான சர்ப்ளஸ். சிறு குறையால் செக்கிங்கில் ஒதுக்கப்பட்டவை வேறு ரகம், அவற்றை செகண்ட்ஸ் என்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆர்டர் முழுவதும் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கிய பிறகு, வாங்குவதாகச் சொன்னவர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட சரக்கு. இந்த மூன்றையும் கலந்து கொட்டி விற்கும் கடைகள் நிறைய இருக்கையில், நான் சொல்லும் கடைக்காரர் மூன்றையும் தனித்தனிக் குவியலாக வைத்து, கேட்டால் எது எந்த ரகம் என்று உண்மையைச் சொல்கிறார். இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்கு முதற்காரணம் இதுதான்.

2025 மார்ச்சில் இங்கே வாங்கிய ஒரு சாம்பல் நிற டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆண்கள் அளவு, வட்டக் கழுத்து, எந்தப் படமும் எழுத்தும் இல்லாதது. கழுத்து லேபிளில் பிராண்டின் பெயர் இருந்த பாதியைக் கத்தரித்துவிட்டு, உருவான நாடு இந்தியா என்று சொல்லும் பாதியை விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் அக்குளருகே பிளாஸ்டிக் ஊசியால் கோத்த விலைச்சீட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஐரோப்பியக் கடைகளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று விலைச்சீட்டையும் இங்கேயே மாட்டித்தான் அனுப்புகிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சீட்டில் 12.99 யூரோ என்று அச்சாகியிருந்தது. மேசைமேல் இருந்த அட்டையில் 180 ரூபாய்.

அக்கா பனியனை வாங்கும் முறையைப் பார்த்தால் அது ஒரு பரீட்சை போல இருக்கும். முதலில் உள்புறத்தை வெளியே திருப்புவார். தோள்பட்டைத் தையலுக்குள் நாடா வைத்துத் தைத்திருக்கிறதா என்று தடவுவார். அது இல்லாவிட்டால் சில துவைப்பிலேயே தோள் தொங்கிவிடும். பக்கவாட்டுத் தையலை மேலிருந்து கீழ்வரை நேராகப் பிடித்துப் பார்ப்பார். துணியைச் சரியாக காம்பேக்டிங் செய்யாமல், அதாவது பிறகு சுருங்காதபடி ஆவியில் அழுத்திப் பதப்படுத்தாமல், அவசரமாக வெட்டியிருந்தால், துவைத்த பிறகு அந்தத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றின் முன்பக்கம் வந்து நிற்கும். கழுத்தைச் சுற்றியுள்ள ரிப் பட்டையை இரண்டு விரலால் இழுத்துவிட்டு அது பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். கடைசியாகத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசி பழுதால் விழும் நீளக் கோடு இருக்கிறதா என்று தேடுவார். சாம்பல் நிறப் பனியன் எல்லாவற்றிலும் தேறியது. “இது நல்ல கம்பெனி பீஸ். அவசரமில்லாம தெச்சிருக்காங்க” என்றார்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. எட்டு மாதங்களில் வாரம் ஒருமுறையாவது மெஷினில் துவைத்தும் அளவு சுருங்கவில்லை, கழுத்து தளரவில்லை, சாம்பல் நிறம் மட்டும் சற்று மங்கியிருக்கிறது. கோவை மால் ஒன்றில் இதே தரத்துணியில் இந்தியப் பிராண்டின் பனியனை 999 ரூபாய்க்குப் பார்த்தேன். பொருளை மட்டும் வைத்துச் சொன்னால், 180 ரூபாய்க்கு இதைவிட நல்ல பனியன் எனக்குத் தெரிந்து எங்கும் கிடைக்காது.

ஆனால் 12.99 யூரோவுக்கும் 180 ரூபாய்க்கும் நடுவில் இருப்பது என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்த இடைவெளி முழுவதும் யாரோ அடித்த கொள்ளை என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமல்ல. அந்த யூரோ விலைக்குள் கப்பல் கூலி, அங்குள்ள கடை வாடகை, விற்பனையாளர் சம்பளம், ஐரோப்பிய நாடுகள் விற்பனையில் விதிக்கும் வரி, இறக்குமதிச் சுங்கம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. நம் பக்கத்து 180 ரூபாயிலோ, நூல் விலையும் துணி பின்னும் நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் தையல் கூலியும் முழுமையாக மீண்டுவரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கிடைத்தவரை லாபம் என்று நிறுவனம் கைகழுவிய விலை அது. உலகச் சந்தையில் எங்கோ ஒரு கணக்கு தப்பும்போது அந்த நட்டம் கடைசியில் எங்கே வந்து இறங்குகிறது என்பதை இந்தக் கடையின் மேசையில் கண்ணால் பார்க்கலாம். சரக்கின் வரலாறு தெரியாமல் இங்கே பொருள் வாங்கக்கூடாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

2025 நவம்பரில் அந்த மேசைகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நிரம்பியிருந்தன. காரணம் யாவரும் அறிந்ததே. அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது; ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் சேர்த்தது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீதச் சுங்கம் உண்டு. மூன்று டாலருக்குக் கப்பலேறும் ஒரு பனியன் என்று வைத்துக்கொண்டால், முன்பு ஏறத்தாழ அரை டாலர் கட்டிய இறக்குமதியாளர் அப்போது ஏறத்தாழ இரண்டு டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதே பனியன் வங்கதேசத்திலிருந்து போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான். மொத்தச் சுங்கம் ஒரு டாலரும் பத்து சென்ட்டும். வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அதே 20, பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. ஒரு பீஸில் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் பேரம் பேசும் தொழிலில் 90 சென்ட் வித்தியாசம் என்பது பேரத்துக்கே இடமில்லாத தூரம். திருப்பூரிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் போகும் பின்னலாடையில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவையே நம்பியிருந்தது.

வரியைச் சட்டப்படி கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதைத் தன் தோளில் வைத்துக்கொள்வதில்லை. தள்ளுபடி கொடு, பாதி வரியை நீ ஏற்றுக்கொள், சரக்கை நிறுத்தி வை என்று ஒவ்வொரு படியாக அது கீழே இறங்குகிறது. பெரிய ஏற்றுமதியாளர், அவருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டிடம் கூலியைக் குறைக்கச் சொல்கிறார். ஜாப் ஒர்க் யூனிட்காரர் ஒன்றரை ஷிஃப்டை ஒரு ஷிஃப்டாக்குகிறார். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட். அந்த அரை ஷிஃப்டில்தான் பல வீடுகளில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. அக்காவோடு வேலை பார்த்த இரண்டு பெண்களுக்கு செப்டம்பர் முதல் அந்த அரை ஷிஃப்ட் இல்லை. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தப் பொருளாதாரப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

இப்படி வெளியில் எடுக்கும் ஒரு முடிவால் ஒரு தொழில்நகரம் ஆடிப்போவது முதல்முறையன்று. பஞ்சாபில் உள்ள லூதியானாவின் கம்பளிப் பின்னலாடைத் தொழில் பல ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்தை நம்பி வளர்ந்தது. 1953 முதல் இரு நாடுகளும் செய்துகொண்ட வணிக உடன்பாடுகளில் டாலருக்கு இடமில்லை. கணக்கு ரூபாயிலேயே தீர்க்கப்பட்டது. சோவியத் அரசு அமைப்பே மொத்தமாக வாங்கியது. அளவு பெரியது, விலைப்போட்டி குறைவு, தரச் சோதனையும் கடுமையில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது வாங்குபவரே இல்லாமல் போனார். யூனிட்டுகள் வரிசையாக மூடப்பட்டன. திட்டமிட்ட பொருளாதாரத்தின் ஒற்றை வாடிக்கையாளரை நம்பிய லூதியானாவும், சுதந்திரச் சந்தையின் மிகப்பெரிய வாடிக்கையாளரை நம்பிய திருப்பூரும் வேறு வேறு பாதையில் நடந்து ஒரே பள்ளத்துக்கு வந்திருக்கின்றன. எந்த முறை மேல் என்று வாதிடுவோர் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சுதந்திரச் சந்தை என்று சொன்னேனே தவிர, துணி வணிகம் ஒருநாளும் முழுச் சுதந்திரத்தோடு நடந்ததில்லை. 1974 முதல் பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை உருப்படி வரலாம் என்று கோட்டா வைத்திருந்தன. தாராள வணிகத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன நாடுகளே தங்கள் துணித் தொழிலைக் காக்க இந்த வேலியைப் போட்டிருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் கோட்டா திருப்பூருக்கு ஒரு வகையில் நன்மையும் செய்தது. சீனாவுக்கு மேல்வரம்பு இருந்ததால் நமக்கென்று ஒரு பங்கு நிச்சயமாக இருந்தது. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த கொள்முதலோடு தொடங்கிய ஏற்றுமதி அந்த வேலிக்குள்தான் வளர்ந்தது. உலக வணிக அமைப்பு ஏற்பட்ட பிறகு பத்தாண்டுகளில் படிப்படியாக அகற்றப்பட்ட கோட்டா, 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் நீங்கியது. அந்த ஆண்டே சீனத் துணிகள் ஐரோப்பாவில் வந்து குவிந்தன. அவசரமாக மீண்டும் வரம்பு விதித்ததில், துறைமுகங்களில் சரக்கு தேங்கிக் கிடந்தது.

தொழிலாளர் பக்கமும் ஒரு வரலாறு இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு முதலாளிகள் பெரிய கூரையின் கீழ் எல்லா வேலையையும் வைத்துக்கொள்வதைக் குறைத்து, நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என்று சிறு யூனிட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறை பெருகியது. உலக வணிகத்துக்கு அந்த அமைப்பு மிகவும் தோதாக அமைந்தது. ஆர்டர் வந்தால் ஊரே ஒரு தொழிற்சாலையாகிவிடும், ஆர்டர் நின்றால் யாருக்கும் யாரும் பொறுப்பில்லை. சங்கம் வைத்துப் பேச ஒரு பெரிய வாசல் இல்லாமல் போனதும் இதன் இன்னொரு விளைவு. அக்கா பதினொரு ஆண்டுகளில் நான்கு யூனிட் மாறினார்; ஒவ்வொரு முறையும் பி.எப். கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

கடைக்குத் திரும்புகிறேன். இங்கே என்னை ஏமாற்றிய பொருளும் உண்டு. 2024-இல் என் மகளுக்கு 120 ரூபாய்க்கு எடுத்த இரவு உடை, மூன்றாவது துவைப்பில் ஒரு சாண் சுருங்கி, கறுப்புச் சாயம் வெள்ளைத் துணிகளிலெல்லாம் ஏறிவிட்டது. அது செகண்ட்ஸ் குவியலில் இருந்ததல்ல. நல்ல பீஸ் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொண்டுபோனபோது, சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. ரசீது கணினியில் போட்டு 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்குகிற கடை, பொருளுக்குப் பொறுப்பேற்க மறுப்பது தவறு என்று நான் அழுத்தமாகச் சொன்னேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு வேறொரு உடையைக் கொடுத்தார் உரிமையாளர், ஆனால் மனமில்லாமல். எனக்குச் சரக்கு கொடுத்தவனும் திரும்ப வாங்கமாட்டான் என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அந்தச் சுமை வாங்குபவர் தலையில் வந்து நிற்பதை ஏற்க முடியாது. இக்கடைக்கு நான் மதிப்பெண் குறைப்பதாக இருந்தால் இதற்காகத்தான் குறைப்பேன்.

சாயம் இறங்கிய அந்தக் கறுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1992-இல் பாசனத்துக்காக அந்த ஆற்றில் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி உழவர்கள் தங்கள் கிணறுகளையும் தென்னைகளையும் இழந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்குகளின் முடிவாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அதன்பின் கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே கட்டாயமாயிற்று. அது செலவு மிகுந்தது. அந்தச் செலவு சாயக்கூலியில் ஏறி, சாயக்கூலி பனியன் விலையில் ஏறுகிறது. இறக்குமதிச் சுங்கத்தில் பனியனின் விலையும் இழையும் பார்த்து வரி போடுகிறார்களே அல்லாமல், எந்த ஆற்றைக் கெடுக்காமல் இது சாயம் ஏற்றப்பட்டது என்று பார்த்து வரியைக் குறைப்பதில்லை. இவ்வளவு செலவு செய்து நீரைக் காக்கும் நிறுவனமும், இரவோடிரவாகக் கழிவைத் திறந்துவிடும் இன்னொரு நாட்டு நிறுவனமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. உலக வணிக விதிகளில் எனக்கு இருக்கும் ஆழ்ந்த மனக்குறை இதுதான். வரி விகிதத்தைவிட இது பெரிது.

வங்கதேசத்தைக் குற்றம் சொல்லும் வழக்கம் திருப்பூரில் பரவலாக இருக்கிறது. கடைக்காரரும் அன்று அதைத்தான் பேசினார். ஐரோப்பாவில் வங்கதேசப் பனியனுக்குச் சுங்கமே இல்லை, நமக்கு 9.6 சதவீதம் என்பது அந்த நாளில் சரியான கணக்கு. மிகப் பின்தங்கிய நாடு என்ற வகையில் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடைக்கிறது. 2026 நவம்பரில் அந்தத் தகுதியிலிருந்து வங்கதேசம் வெளியேறும் என்று அப்போது குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த நாட்டின் தையல் பெண்களும் அக்காவைப் போன்றவர்களே. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும், ஆர்டரைக் குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது அந்நாட்டில் ரத்தான, நிறுத்திவைக்கப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே கொஞ்சம் கூலி உயர்ந்தால் இங்கே மகிழ்வதும், இங்கே வரி கூடினால் அங்கே மகிழ்வதும், வாங்குபவர் நம் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து விலையைக் குறைக்க வழிசெய்கிறது.

சீனாவின் நிலையோ வேறு. அங்கே நிலமும் கடனும் மின்சாரமும் அரசின் திட்டத்தோடு இணைந்து வருகின்றன; நூற்பு முதல் துறைமுகம் வரை ஒரே நோக்கில் கட்டியிருக்கிறார்கள். அந்த முறையின் கறுப்புப் பக்கமும் உலகறிந்தது: சின்ஜியாங்கில் கட்டாய உழைப்பு நடக்கிறது என்று கூறி, அந்தப் பகுதிப் பருத்தி கலந்த எந்தப் பொருளும் நுழையக்கூடாது என்ற சட்டத்தை 2022 ஜூன் முதல் அமெரிக்கா நடைமுறைப்படுத்துகிறது. உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விளையும் இடம் அது. அதன் பிறகு பருத்தி எங்கிருந்து வந்தது என்று பஞ்சுப் பொதி வரைக்கும் காகிதம் காட்டச் சொல்லி இறக்குமதியாளர்கள் கேட்கிறார்கள். இந்தத் தடை நமக்குச் சாதகமாகும் என்று திருப்பூர் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நம் தலையிலும் 50 சதவீதம் விழுந்தது.

நம் அரசும் சில காரியங்களைச் செய்திருக்கிறது. 2021 முதல் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்து, பிறகு அந்த ஆண்டு டிசம்பர் இறுதிவரை நீட்டித்தார்கள். நூற்பாலைகளுக்கு அது நல்லது. விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்தி போட்ட உழவருக்கு அது நல்லதா என்று கேட்டால், அறுவடை வரும் நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வரியின்றி வந்து இறங்குவது எப்படி நல்லதாகும்? பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்பாடு நடைமுறைக்கு வந்தால் அங்கே நம் ஆடைகளுக்கான சுங்கம் நீங்கும். அதற்காக அந்த நவம்பரில் திருப்பூர் காத்திருந்தது. காத்திருக்கும் மாதங்களில் கூலி கொடுப்பது யார் என்பதற்கு எந்த உடன்பாட்டிலும் ஒரு சொல்லும் இல்லை.

கடையின் சேவையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். குவியல்களைப் பிரித்து அடுக்கும் இளைஞர்கள் இருவர் ஒடிசாக்காரர்கள். நான் முதன்முதலாகப் போனபோது சைகையில் பேசியவர்கள், இப்போது கொங்குத் தமிழில் “அண்ணா, இந்த சைஸ் உள்ள இருக்குதுங்க” என்கிறார்கள். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், இவர்கள் கிளம்பவில்லை. அவசரப்படுத்தாமல், பத்துப் பனியனைப் பிரித்துப் பார்த்து ஒன்றுகூட எடுக்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் மடித்துவைக்கிறார்கள். வழியின் நடுவில் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பது மட்டும் அச்சம் தருகிறது. 2023 ஜூனில் இதே காதர்பேட்டையில் பனியன் பஜார் தீப்பிடித்து ஏறத்தாழ ஐம்பது கடைகள் சாம்பலானதைப் பார்த்த பிறகும் இப்படி இருக்கக்கூடாது.

போக விரும்புவோர் வார நாளில் முற்பகலில் போவது நல்லது. ஆண்களின் வட்டக் கழுத்துப் பனியன், பெண்களின் லெக்கிங்ஸ், வீட்டில் போடும் கால்சட்டை ஆகியவற்றை நம்பி எடுக்கலாம். குழந்தைத் துணியையும் அடர்நிறத் துணியையும் ஒன்று மட்டும் வாங்கி, துவைத்துப் பார்த்துவிட்டு மறுமுறை கூடுதலாக எடுங்கள். இயற்கை முறையில் விளைந்த (ஆர்கானிக்) பருத்தி என்ற சான்றுச்சீட்டு தொங்கினால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். லேபிள் கத்தரித்த துணியில் அந்தச் சான்றை யாரும் சரிபார்க்க முடியாது. அளவு விஷயத்தில் ஐரோப்பிய எம் நம் எல்லுக்குச் சமமாக இருக்கும், அமெரிக்க எம் அதைவிடவும் பெரிது.

அந்த அளவுதான் நவம்பரில் கடைக்காரருக்குப் பெரும் கவலையாக இருந்தது. கடையின் பின்பகுதியில், மற்றக் குவியல்களைவிட இரண்டு மடங்கு உயரத்தில், சிவப்பும் பச்சையுமாகக் கிறிஸ்துமஸ் பனிமான் படம் போட்ட பனியன்கள் கிடந்தன. எல்லாம் டபுள் எக்ஸெல், த்ரீ எக்ஸெல். “அக்கா, இது ஷிப்மெண்ட் நின்ன சரக்குங்க. பீஸ்ல ஒரு குறையும் இல்லீங்க. போடறதுக்குத்தான் ஆளில்லை” என்றார். அட்டையில் 150 என்பதை அடித்து 100 என்றும், அதையும் அடித்து 70 என்றும் எழுதியிருந்தது. அக்கா ஒன்றை எடுத்து உள்புறம் திருப்பி, பக்கவாட்டுத் தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கீழ்வரை போனார். தையல் எங்கும் விலகவில்லை. பொங்கலுக்குள் போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கிலோ கணக்கில் பனியன் வேஸ்ட்டுக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒர்க்‌ஷாப்களில் மெஷின் துடைக்க வாங்கிக்கொள்வார்களாம். அக்கா அந்தப் பனியனை முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்து, குவியலின் மேல் வைத்துவிட்டு, இரண்டு எடுத்துக்கொள்ளலாம், இரவில் போர்த்திக்கொண்டு படுக்க ஆகும் என்றார். 140 ரூபாய் கொடுத்து வாங்கினோம்.